ஏரியை வலம் வந்த நாள்

என் இடது சிறுநீரகம் எனக்குச் சொந்தமில்லை என்ற நினைப்போடு நான் சைக்கிள் ஓட்டிய நாள் அது. ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரியில் கடைசி இரத்தப் பரிசோதனை. அது சரியாக வந்துவிட்டால் பதினோராம் நாள் ஒபரேஷன். என்னிடமிருந்து எடுத்து அண்ணனுக்கு வைப்பார்கள். எல்லாம் பொருந்தியிருந்தது, எல்லாரும் கையெழுத்து வைத்தாயிற்று. இப்படிப்பட்ட நாளில் மூளை உள்ள ஒருவன் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பான். நான் விடியக் காலை ஐந்து மணிக்கு, மனைவி தூங்கிக்கொண்டிருக்கும்போது, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சத்தம் போடாமல் மூன்று மாடி இறங்கினேன்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து அப்போது இரண்டரை வருடம். கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணித்தியாலம், டயலிசிஸ் மெஷினோடு கட்டிப் போட்டிருப்பார்கள். அவருக்குப் பெரிய ஆக்கினை ஊசி இல்லை, தாகம். உடம்பில் சேரும் தண்ணீர் வெளியே போக வழியில்லாதபடியால் ஒரு நாளைக்கு மூன்று கோப்பைதான் குடிக்கலாம். தேத்தண்ணியும் குழம்பும் அந்த மூன்றுக்குள் அடக்கம். மொன்றியலில் ஆடி ஆவணி எப்படிப் புழுங்கும் என்று இருந்தவர்களுக்குத் தெரியும். அண்ணன் ஐஸ்கட்டி ஒன்றை வாய்க்குள் போட்டு, அது கரையும்வரை கதைக்காமல் இருப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால், நான் குசினிக் குழாயைத் திறக்கும்போது அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். நானும் அவர் வந்தால் தண்ணீர் குடிப்பதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. எட்டு மாதமாக என்னைச் சோதித்தார்கள். இரத்தம், சலம், நெஞ்சு, வயிறு, கடைசியில் மனம் கூட. ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டிடத்துக்குள் போகும்போது எனக்குள்ளே ஒரு ஆசை இருந்தது. இது பிழையாக வரட்டும். டொக்டர் கவலையாக முகத்தை வைத்துக்கொண்டு, குறை நினைக்காதீர்கள், உங்களால் கொடுக்க முடியாது என்று சொல்லட்டும். நான் அண்ணனுக்கு முன்னால் கண் கலங்கி நிற்பேன். ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அப்படி ஒரு கேவலமான ஆசை. ஆனால் ஒவ்வொரு முறையும் என் உடம்பு நல்ல பிள்ளையாகச் சோதனையில் சித்தியடைந்தது.

எனக்குக் கத்தி என்றால் பயம். சொன்னால் சிரிப்பார்கள், ஏனென்றால் டவுன்டவுனில் ஒரு பிரெஞ்சு ரெஸ்டோரண்ட் குசினியில் ஒன்பது வருடம் கத்தியோடு நின்றவன் நான். அங்கே கன்றுக்குட்டிக் கிட்னி ஒரு விசேஷச் சாப்பாடு. கொழுப்பைச் சீவி, மேலே இருக்கிற மெல்லிய தோலை உரித்து, நடுவில் இருக்கும் வெள்ளை நரம்பைக் கிண்டி எடுப்பது என்னுடைய வேலை. ஒரு நாளைக்கு இருபது முப்பது செய்வேன். டொக்டர் என் இடது பக்கத்தைத் தொட்டு, இதைத்தான் எடுப்போம் என்று சொன்ன நாளிலிருந்து அந்த வேலையை மற்றவர்கள் தலையில் கட்டத் தொடங்கிவிட்டேன்.

என்னுடைய ஆசையைப் பிள்ளையார் கேட்டிருப்பார் என்பதுதான் என் பெரிய அந்தரம். நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சில விஷயங்கள் இரத்தத்தில் ஊறியிருக்கும், டயலிசிஸ் செய்தாலும் போகாது. கடைசி நேரத்தில் அந்த ஆசை பலித்து அண்ணனுக்கு ஏதும் நடந்தால் நான் எங்கே போய் முகத்தை வைப்பேன்? ஆகவே நேர்த்தி வைத்தேன். என்ன நேர்த்தி என்பதில்தான் என்னுடைய கெட்டித்தனம்.

என்னோடு குசினியில் நின்ற ஒரு கியூபெக்காரன் அந்தக் கோடையில் வடக்கே போய், மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே நுழைந்திருக்கிற ஒரு ஃபியோர்டைச் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்திருந்தான். காலையில் ஏறினால் இருட்டும்வரை தனியாக. ஒரு கிழமை முழுக்க அதே கதை. ஏன் சுற்றினாய் என்று கேட்டேன். சும்மா என்றான். சும்மா ஒருவன் அவ்வளவு தூரம் சுற்றுவான் என்றால், அண்ணனுக்காக நான் ஒன்றைச் சுற்ற ஏலாதா? எங்கள் மொன்றியல் தீவின் மேற்கு முனைக்கு அப்பால் ஒரு பெரிய ஏரி இருக்கிறது, இரண்டு மலை ஏரி என்று பெயர். வீட்டு வாசலில் தொடங்கி, ஏரியை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, மேற்கே போய், அங்கே படகில் ஏறி அக்கரைக்குப் போய், வடக்குக் கரையால் திரும்பி வீட்டு வாசலில் முடிப்பது. கோயிலை வலம் வருவது மாதிரி. அதுமட்டும் போதாது என்று பட்டது. அண்ணனுக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு: அன்றைக்கு முழுக்க மூன்று கோப்பைத் தண்ணீர். முதல் நாள் இரவே அண்ணன் வீட்டில் இருப்பது போன்ற கோப்பை ஒன்றால் அளந்து போத்தலில் ஊற்றி வைத்தேன். போத்தல் நிறையவுமில்லை.

நாங்கள் இருந்த நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து இறங்கி, லஷீனைத் தாண்டி ஏரிக்கரை வீதியைப் பிடித்தபோது நன்றாக விடிந்துவிட்டது. அந்த வீதியில் இடது பக்கம் தண்ணீர் தெரியும். அது வேறு ஏரி, என் கணக்கில் இல்லை. காற்று முகத்தில் அடித்தது. முதல் ஒரு மணித்தியாலம் எனக்குள் ஒரே பெருமை. அதற்குப் பிறகுதான் கார்கள் கூடத் தொடங்கின. ஒவ்வொரு காரும் என் இடது பக்கமாக உரசிக்கொண்டு போனது, இடது பக்கத்தில்தான் அண்ணனின் கிட்னி இருந்தது. ஒரு கார் கதவு திடீரென்று திறந்தால் போதும். ஒரு பஸ் கண்ணாடி விலாவில் தட்டினால் போதும். நான் விழுந்தால் விழுவது நான் மட்டும் இல்லை. இது எனக்கு வீட்டில் படுத்திருந்தபோது தோன்றவில்லை, டோர்வால் தாண்டி நடு ரோட்டில்தான் தோன்றியது. அந்த நேரமே திரும்பியிருக்கலாம். ஆனால் வலம் வரத் தொடங்கிவிட்டால் பாதியில் திரும்பக் கூடாது. வலமாகப் போனவன் வந்த வழியே திரும்பினால் அது இடமாகச் சுற்றியதாகிவிடும். இடமாக யாரைச் சுற்றுவார்கள் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொள்ளிக்குடத்தோடு சுற்றுவதுதான் அப்படி.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் தீவு முடிந்து பாலம் தொடங்குகிறது. பெரிய பாரவண்டிகள் ஓடுகிற நெடுஞ்சாலைப் பாலம். ஓரமாக ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் நடைபாதை, ஒரு பக்கம் கம்பி, மற்றப் பக்கம் லொறி. இறங்கி உருட்டிக்கொண்டு போயிருக்கலாம். நேரம் போகிறதே என்று ஏறி ஓட்டினேன். நடுப்பாலத்தில் ஒரு நீண்ட லொறி போன காற்றில் சைக்கிள் ஒருமுறை உள்ளே இழுபட்டு, பிறகு மற்றப் பக்கம் போய்க் கம்பியில் மோதியது. ஹாண்டில் முனை என் விலாவில் குத்தியது. எந்தப் பக்கம் என்று ஒரு விநாடி எனக்கே தெரியவில்லை. சைக்கிளைக் கம்பியோடு சாய்த்துவிட்டு, லொறிகள் பாலத்தையே ஆட்டிக்கொண்டு போக, பனியனைத் தூக்கிப் பார்த்தேன். வலது பக்கம். தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். வலதுதானே, அது என்னுடையது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னேன். மிச்சப் பாலத்தை உருட்டிக்கொண்டே கடந்தேன்.

பத்தரை மணிபோல ஏரியின் தென்கரையில் படகு வெளிக்கிடும் ஊருக்கு வந்து சேர்ந்தேன். அதற்குள் ஒரு கோப்பை முடிந்திருந்தது. படகுத்துறையில் கார்கள் இல்லை. தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக அலை. கொட்டகையில் இருந்த ஆள் கையை விரித்தான். காற்று அதிகம், ஓடாது. பின்னேரம் குறைந்தால் ஓடலாம், ஓடாமலும் விடலாம். அக்கரை அங்கே தெரிகிறது, தேவாலயக் கோபுரம் கூடத் தெரிகிறது, இடையில் கொஞ்சத் தண்ணீர். மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு ஓடாத நாட்களில் திருகோணமலைத் துறைமுகத்தில் சனம் நிற்கிற மாதிரி, நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. படகில் போவது என்று திட்டம் போட்டபோதே மனதுக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. படகு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அப்படியென்றால் ஏரியின் மேற்குப் பாதி என்னுடைய வட்டத்துக்கு வெளியே. கோயில் வீதியைச் சுற்றப் போய், பாதியில் மண்டபத்துக்குள்ளால் புகுந்து மற்றப் பக்கம் வருவதற்கு வலம் என்று பெயர் இல்லை. இப்போது விளங்கிவிட்டது. இது காற்று இல்லை. குறுக்கு வழியால் வராதே, முழுதாகச் சுற்று என்கிறார் பிள்ளையார். எட்டு மாதம் பிழை வரட்டும் என்று நினைத்தவனுக்கு அரை வட்டம் போதுமா?

அந்த ஆளிடம் கேட்டேன். இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் மேற்கே, ஏரி முடிந்து ஆறு ஒடுங்குகிற இடத்தில் இன்னொரு படகு இருக்கிறது, அங்கே அலை வராது என்றான். பிறகு என் சைக்கிளையும் என் வயிற்றையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போவதுதான் கிட்ட என்றான். அவனுக்கு என்ன தெரியும் எங்களுடைய கிட்டவும் தூரமும்.

அந்த இருபத்தைந்து கிலோமீட்டரை நான் இன்றைக்கும் கனவில் ஓட்டுவதுண்டு. காற்று நேரே நெஞ்சில். சோளக்காட்டு நடுவே நீட்டுக்கு வீதி, ஒரு மரநிழல் இல்லை. பெடலை மிதிப்பதை விட்டால் சைக்கிள் நின்றுவிடும். வியர்வை முதலில் ஓடியது, பிறகு உப்பாகக் காய்ந்தது, பிறகு வியர்வையே இல்லை. போத்தலைத் தூக்கிப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இரண்டாவது கோப்பை முடிந்ததும் ஒரு கிராமத்து டெப்பனருக்குள், அந்தச் சின்னப் பெட்டிக்கடைக்குள், நிழலுக்காக நுழைந்தேன். சுவர் நீளத்துக்குக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே நூறு போத்தல், எல்லாவற்றிலும் குளிர்ந்த தண்ணீர் முத்து முத்தாக. நான் ஒரு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டு காசு நீட்டினேன். கடைக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்து மேசையில் வைத்தாள். மெர்சி, வேண்டாம் என்றேன். திரும்பவும் என் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்த மனிசி பயந்து கையை எடுத்தாள். நல்லது செய்ய வந்தவளோடு கோபித்துக்கொண்டு வெளியே வந்து, வாழைப்பழத்தை விழுங்க முடியாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டே ஓட்டினேன். இதைத்தானே அண்ணன் ஒவ்வொரு நாளும் செய்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணன் கதிரையில் இருந்துகொண்டு செய்கிறார், வெயிலில் நாள் முழுக்கச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு செய்யவில்லை என்பது அந்த நேரம் மண்டையில் ஏறவில்லை.

ஒடுங்கின ஆற்றில் படகு ஓடியது. பத்து நிமிடம் இருந்தேனோ என்னவோ. இறங்கும்போது வலது தொடை பிடித்துக்கொண்டது. கல்லு மாதிரி இறுகிப்போய், நான் ஒற்றைக் காலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஆனாலும் இப்போது ஏரியின் வடக்குக் கரை, காற்று முதுகில். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வடக்குக் கரை மலை. ஏறி இறங்கி ஏறி இறங்கி, மூன்றாவது ஏற்றத்தில் இரண்டு தொடையும் ஒன்றாகப் பிடிக்க, இறங்கி உருட்டினேன். உருட்டவும் ஏலாமல் ஓரிடத்தில் நின்று பற்றைக்குள் சலம் கழித்தேன். காலையிலிருந்து அதுதான் முதல் தடவை. கொஞ்சமாகத்தான் வந்தது. நிறத்தைக் குனிந்து பார்த்தேன். பால் விடாத தேத்தண்ணி நிறம்.

எட்டு மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவனுக்கு அந்த நிறம் நல்லதில்லை என்று தெரியும். கையில் போத்தல், உள்ளே அரைக் கோப்பைத் தண்ணீர். கீழே இறங்கினால் கடைகள், குழாய்கள், வேண்டியமட்டும் தண்ணீர். அந்தப் பற்றை ஓரத்தில் நான் நின்ற நிலையை எப்படிச் சொல்ல? குடித்தால் நேர்த்தி பிழையாகிவிடும், அண்ணனுக்கு ஏதும் நடக்கும். குடிக்காவிட்டால் இந்த நிறம். நான் யாருக்காகக் குடிக்காமல் இருக்கிறேனோ அவருடைய சாமானைத்தான் காய வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு குரல் தெளிவாகச் சொன்னது. நான் அந்தக் குரலை நம்பவில்லை. அது என்னுடைய பழைய ஆசை, வேறு வேஷத்தில் வந்திருக்கிறது என்று நினைத்தேன். சாக்குச் சொல்லித் தப்பப் பார்க்கிற அதே குரல். ஆகவே போத்தலை மூடிவிட்டு ஏறினேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளிலே அதுதான் படு முட்டாள்தனமானது. அந்த நேரம் அது எனக்கு வீரமாகத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வழி சரியாக நினைவில்லை. ஒரு பாலம், பிறகு லவால், பிறகு இன்னொரு பாலம். சிவப்பு விளக்கில் காலை ஊன்றினால் திரும்ப எடுக்க ஏலாது என்று நடைபாதையில் ஏறி ஓட்டினேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கடைசி வாய்த் தண்ணீரை எங்கள் தெரு மூலையில் குடித்தேன், கணக்குச் சரி. மாலை எட்டேகால் இருக்கும், இன்னும் வெளிச்சம் இருந்தது.

கதவைத் திறந்தவள் மனைவி. பின்னால் குசினிக் கதிரையில் அண்ணன் இருந்தார். நான் வேலைக்குப் போயிருக்கிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். அண்ணன் நாளைக் காலைப் பயணம் பற்றிக் கேட்கப் போன் எடுக்க, அவள் ரெஸ்டோரண்டுக்குப் போன் எடுக்க, நான் அன்றைக்கு லீவு என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் அப்போது செல்போன் இல்லை. இரண்டு பேரும் மூன்று மணித்தியாலமாக அந்தக் குசினியில் இருந்து, என்னவெல்லாம் நினைத்தார்களோ.

வாசலைத் தாண்டினேன், வட்டம் முடிந்தது. நேரே குழாயடிக்குப் போனேன். கையை ஏந்தி, பிறகு கிளாஸில், பிறகு திரும்பவும் கையை ஏந்திக் குடித்தேன். மூச்சு முட்டக் குடித்தேன். மூக்காலும் நாடியாலும் வழிந்தது. எத்தனை கிளாஸ் என்று தெரியாது. நிமிர்ந்தபோதுதான் அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இரண்டரை வருடத்தில் முதல் தடவையாக அவர் குழாயின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பழைய ஆசையைத் தவிர. மனைவி குளிர்ப்பெட்டிக் கதவில் நானே ஒட்டி வைத்த ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கிழித்தெடுத்தாள். நான் அதில் நேரத்தையும் இடத்தையும் மட்டும்தான் பார்த்திருந்தேன். அவள் கீழே இருந்ததை வாசித்தாள். பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாளும் நன்றாகத் தண்ணீர் குடிக்கவும். கடுமையான வேலை, விளையாட்டு எதுவும் கூடாது.

“கண்டறியாத நேர்த்தி,” என்றாள். “தம்பிக்காரன் மயிலிலை சுத்தப் போய் என்னத்தைக் கண்டவர்? இருந்த இடத்திலை இருந்தவர்தானே பழத்தைத் திண்டவர்.”

அண்ணன் சிரிக்கவில்லை. என்னை ஏசவுமில்லை. காலமை ஏழரை என்று மட்டும் சொல்லிவிட்டு, டக்சிக்குப் போன் எடுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை இரத்தம் எடுத்தார்கள். பின்னேரம் எங்களுடைய விஷயத்தைப் பார்க்கிற நர்ஸ் போன் எடுத்தாள். நல்ல மனிசி, எட்டு மாதத்தில் ஒருநாளும் குரலை உயர்த்தாதவள். முதல் கேள்வியே, நேற்று என்ன செய்தீர்கள் என்பதுதான். சொன்னேன். தெரிந்த பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வலம் என்றால் என்ன என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு மெதுவாக விளக்கினாள். தசை உடைந்து இரத்தத்தில் கலந்திருக்கிறது. அதை வடிகட்ட முடியாமல் சிறுநீரகங்கள் திணறுகின்றன. பெரும்பாலும் சரியாகும், சரியாகாமலும் விடலாம். ஒபரேஷன் திகதியை எடுத்துவிட்டார்கள். நாலு கிழமை கழித்துத் திரும்பப் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் எதையும் சொல்லலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசியால் தண்ணீர் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு மூன்று லீட்டர் குடிக்க வேண்டும்.

எட்டு மாதம் நான் ஆசைப்பட்ட செய்தி. சொன்னது போலவே, குறை நினைக்காதீர்கள் என்ற குரலில்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்து, பாரவண்டி மேலே ஏறிப்போனவன் மாதிரி முனகினேன். ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேனே, அது எவ்வளவு பெரிய பேய்க்கதை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அண்ணனுக்கு நானே நேரில் சொல்ல வேண்டும் என்று, டயலிசிஸ் நடக்கும்போது போனேன். அவர் கையில் குழாய்கள், அவரால் எழும்பிப் போக முடியாது. அதனால்தான் அந்த நேரத்தைத் தெரிந்தெடுத்தேனோ என்று இப்போது யோசிக்கிறேன். நாலு கிழமை என்று சொன்னேன். சரியாகாமலும் விடலாம் என்றும் சொன்னேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“தம்பி, பயமெண்டா சொல்லியிருக்கலாமேடா.”

எனக்குக் கொதி வந்தது. நூற்றறுபது கிலோமீட்டர், மூன்று கோப்பைத் தண்ணீர், விலாவில் காயம், யாருக்காக என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லி முடித்து, சொல்ல ஒன்றும் இல்லாமல் போனபிறகு, என் வாய் தன்பாட்டில் திறந்தது.

“ஓம் அண்ணை. பயம்தான். பிழையா வரட்டும் எண்டு ஒவ்வொரு முறையும் நினைச்சனான்.”

“எனக்குத் தெரியும்,” என்றார். “உன்னட்டை வாங்கிறதுக்கு எனக்கும் பயம்தான். வேண்டாமெண்டு சொல்ல எத்தினையோ தரம் வாய் வரைக்கும் வந்தது. தாகம் விடேல்லை.”

மெஷின் முடியும்வரை பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் குடிக்கவில்லை, அவர் முன்னால் எப்படிக் குடிப்பது?

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. அண்ணன். ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து வா என்றார். எடுத்து வந்தேன். குடி என்றார். குடிச்சிட்டன் என்றேன். அவர் நம்பவில்லை. போனை வாயடியில் பிடித்துக்கொண்டு, தனக்குக் கேட்கக் குடிக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு மிடறாக விழுங்க, அந்தப் பக்கத்தில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. முடிந்ததும், இன்னும் ஒண்டு என்றார்.

நாலு கிழமையும் இது நடந்தது. காலை ஆறு, மத்தியானம் ரெஸ்டோரண்ட் போனில், இரவு படுக்க முதல். ஒரு நாளைக்கு மூன்று கோப்பைக்காரர், மூன்று லீட்டர்க்காரன் குடிக்கிற சத்தத்தை நாளைக்கு மூன்று தரம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தரமாக இருந்தது, முதல் கிழமை தொண்டைக்குள் தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்றது. ஒருநாள் கேட்டேன், இது உங்களுக்குக் கஷ்டமில்லையா என்று. விசர்க்கதை கதையாமல் குடி, அது என்ர கிட்னி என்றார். மனைவி சொன்னாள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதிரி இருக்கிறது உங்கள் இரண்டு பேரின் கூத்தும். அவளும் மத்தியானம் தவறினால் ஞாபகப்படுத்தினாள்.

திரும்ப இரத்தம் எடுத்த அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் ஒருமுறை நின்றேன். உள்ளே என்ன ஆசை இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். கத்திப் பயம் அப்படியே இருந்தது. மற்றது இல்லை. பின்னேரம் நர்ஸ் போன் எடுத்து, எல்லாம் பழையபடி இருக்கிறது, என்ன குடித்தீர்களோ அதையே குடியுங்கள் என்று சிரித்தாள்.

ஐப்பசி கடைசியில் ஒபரேஷன் நடந்தது. எனக்கு ஒரு மாடி, அண்ணனுக்கு வேறொரு மாடி. கண் விழித்தபோது இடது பக்கம் நெருப்பாக எரிந்தது. நான் நினைத்ததைவிட வலி கூட, அதை ஒளிக்க விரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை, கட்டில் பக்கத்துப் போன் அடித்தது. கை எட்டாமல், நர்ஸ்தான் எடுத்துக் காதில் வைத்தாள்.

“குடிச்சனியோ?” என்றார் அண்ணன்.

ஓம் என்றேன்.

“அப்ப இப்ப நீ கேள்.”

கிளாஸ் மேசையிலிருந்து எடுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குடிக்கும் சத்தம், அவசரமில்லாமல், ஒவ்வொரு மிடறாக. முடிந்ததும் போனைக் கீழே வைக்காமல் இன்னொரு கிளாஸ் ஊற்றினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.